ஏசிஎல்எஸ் பயிற்சிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

அவசரப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வருகிற தாதியர், மருத்துவ உதவி அதிகாரிகள், இளம் டாக்டர்கள் எல்லாருக்கும் ஏசிஎல்எஸ் (நின்ற இதயத்தை மீட்கும் மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி) என்றாலே வயிற்றைக் கலக்கும். கனமான புத்தகம், இரண்டு நாள் பயிற்சி, கடைசியில் எல்லார் முன்னிலையிலும் மெகாகோட் என்ற செய்முறைத் தேர்வு. பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் வேலை பார்ப்பவர்களிடம் இன்னொரு கேள்வியும் இருக்கும்: "அங்கே சொல்லித் தருவதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தானே, நம்ம ஊருக்கு எப்படிப் பொருந்தும்?"

பொருந்தும். சொல்லப்போனால் நமக்குத்தான் அது அதிகம் தேவை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு இதயம் நின்றால் கூப்பிட்ட குரலுக்கு நிபுணர்கள் ஓடி வருவார்கள். இங்கே இரவு வேலையில் இருக்கிற சில பேர்தான் அந்த நேரத்துக்கு எல்லாம். பெரிய ஆஸ்பத்திரி உள்ள ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நின்ற இதயம் அந்த 30 கிலோமீட்டரைத் தாண்டுகிற வரை காத்திருக்காது. அதனால் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மருந்துகளை மனப்பாடம் செய்வதிலேயே சக்தியைத் தீர்த்துவிடாதீர்கள். நெஞ்சை அழுத்துவது நிற்காமல் பார்ப்பது, வாய் திறந்து தெளிவாகப் பேசுவது, இந்த இரண்டையும் கற்றுக்கொண்டு திரும்புங்கள்.

எந்தப் பயிற்சி?

மலேசியாவில் இரண்டு வழி உண்டு. ஒன்று, சுகாதார அமைச்சின் தேசிய உயிர்ப்பிப்புப் பயிற்சிக் குழு வகுத்த ஏஎல்எஸ் (மேம்பட்ட உயிர்காப்பு). அரசாங்க ஊழியர்கள் பெரும்பாலும் இதற்குத்தான் போவார்கள். மற்றது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் ஏசிஎல்எஸ். அங்கீகாரம் பெற்ற மையங்கள் நடத்துகின்றன. தனியார் மருத்துவமனைகளிலும் வெளிநாட்டு வேலைக்கும் இந்தச் சான்றிதழ் அட்டையைத்தான் அதிகம் கேட்பார்கள். அடிப்படை ஒன்றுதான், சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும். வழிகாட்டலுக்கு வழிகாட்டல் எப்படி மாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஷாக் (மின் அதிர்ச்சி) கொடுக்க வேண்டிய இதயத் தாளத்தில் அமெரிக்க முறைப்படி இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு அட்ரினலின், ஐரோப்பிய முறைப்படி மூன்றாவது ஷாக்குக்குப் பிறகு. எந்தப் பயிற்சிக்குப் போகிறீர்களோ அதன் புத்தகத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து படித்தால் தேர்வு நேரத்தில் குழம்பும்.

பணம் கட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். முழுக்க முழுக்க இணையத்திலேயே முடித்து, பொம்மையைத் தொடாமலே சான்றிதழ் தருகிறோம் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் காகிதத்தை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். பாடத்தை இணையத்தில் படிக்கிற முறை அமெரிக்கச் சங்கத்திலும் உண்டு. ஆனால் செய்முறைத் தேர்வுக்கு நேரில் போயே ஆக வேண்டும். அவர்களுடைய மின்னட்டை உண்மையானதா என்று இணையத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். தனியார் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ வேலை செய்பவர்கள், எச்ஆர்டி கார்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) வழியாகக் கட்டணத்தைக் கோர முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். சிபிடி (தொடர் தொழில் மேம்பாடு) புள்ளிகள் கிடைக்குமா என்பதையும் பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள்.

போவதற்கு முன்பே செய்ய வேண்டியது

பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) கையில் சுத்தமாக இருக்க வேண்டும். ஏசிஎல்எஸ்ஸில் தடுமாறுகிறவர்களில் பலர் தடுமாறுவது அடிப்படையில்தான்.

அடுத்தது ஈசிஜி, அதாவது இதயத்தின் மின்வரைவு. நூறு வகை ஈசிஜி படிக்க வேண்டியதில்லை. நாடி இல்லாத நோயாளியிடம் நாலே தாளங்கள்: விஎஃப் (இதயம் ஒழுங்கின்றி நடுங்குவது), நாடியற்ற விடி (கீழறை மிக வேகமாகத் துடிப்பது), பிஇஏ (மின்தாளம் தெரிந்தும் நாடி இல்லாதது), அசிஸ்டலி (நேர்கோடு). முதல் இரண்டுக்கு ஷாக் உண்டு, மற்ற இரண்டுக்கும் இல்லை. நாடி உள்ளவரிடம் மெதுவான தாளங்கள், வேகமான தாளங்கள், இதய அடைப்பு வகைகள். இவற்றை மானிட்டரில் பார்த்தவுடன் வாயால் சொல்லப் பழகுங்கள். வார்டில் வேலை செய்யும்போதே, கடந்து போகிற ஒவ்வொரு மானிட்டரையும் பார்த்து மனதுக்குள் பெயர் சொல்லிக்கொண்டு போனால் சில வாரங்களில் கண் பழகிவிடும்.

அமெரிக்கப் பயிற்சியில் முன்தேர்வு ஒன்று உண்டு. 70 விழுக்காடு எடுத்து, அதற்கான தாளைக் கொண்டு போக வேண்டும். முந்தின இரவு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். அப்புறம், அக்காவோ அண்ணனோ கொடுத்த பழைய புத்தகத்தில் படிக்காதீர்கள். 2020இல் வந்த வழிகாட்டலுக்கு அடுத்து 2025 அக்டோபரில் புதியது வந்திருக்கிறது. பயிற்சி மையம் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று கேட்டு அதையே வாங்குங்கள்.

இரவு வேலை முடித்த கையோடு பயிற்சிக்குப் போகாதபடி மேற்பார்வைத் தாதியிடம் முன்கூட்டியே பேசி அட்டவணையை மாற்றிக்கொள்ளுங்கள். தரையில் மண்டியிட வேண்டிவரும், அதற்குத் தோதான உடுப்பு போடுங்கள். காலையில் வயிறாரச் சாப்பிடுங்கள். இரண்டு நாளும் உடம்புக்கு நல்ல வேலை.

கைகளுக்கான பாடம்

நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுசாக மேலே வர வேண்டும். எல்லாருக்கும் இது தெரியும். செய்யும்போதுதான் நழுவும். களைத்தவர் தம்மை அறியாமலே நோயாளியின் நெஞ்சின் மேல் சாய்ந்துவிடுவார். அப்போது இதயத்துக்கு ரத்தம் திரும்பி நிரம்ப இடமே இருக்காது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறோம். "எனக்குக் களைக்கவில்லை" என்று யார் சொன்னாலும் மாற்றுங்கள். வேகத்துக்குப் பாட்டை நம்பாதீர்கள், பதற்றத்தில் பாட்டும் வேகம் எடுக்கும். தொலைபேசியில் மெட்ரோனோம் செயலியை 110இல் வைத்துத் தலைமாட்டில் போடுங்கள்.

குள்ளமாக இருப்பவர்கள் ஸ்டூல் கேட்கக் கூச்சப்படக் கூடாது. கட்டிலில் செய்யும்போது முழங்கை மடங்குகிறது என்றால் உயரம் போதவில்லை என்று அர்த்தம். மெத்தைக்கு அடியில் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அழுத்துவது பாதி மெத்தைக்குப் போகும்.

ஷாக்கைப் பற்றி. சிபிஆரும் (நெஞ்சை அழுத்தி மூச்சூட்டும் முதலுதவி) இல்லாமல் ஷாக்கும் இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. சிபிஆர் நடந்துகொண்டிருந்தால் அது 3, 4 விழுக்காடாக மட்டுப்படும். டிஃபிப் (ஷாக் கொடுக்கும் கருவி) சார்ஜ் ஏறும்போதும் அழுத்திக்கொண்டே இருங்கள். "எல்லாரும் விலகுங்க" என்ற பிறகு கையை எடுங்கள், ஷாக் போனவுடன் நாடியைத் தேடாமல் உடனே கையை வையுங்கள். எந்த நிறுத்தமும் பத்து விநாடியைத் தாண்டக் கூடாது.

தோட்டத்து நோயாளியிடம் டிஃபிப்பின் பேட் ஒட்டும்போது கவனிக்க வேண்டியவை புத்தகத்தில் விரிவாக இருக்காது. செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவரைத் தூக்கி வந்திருப்பார்கள், வியர்வையோ மழையோ நெஞ்சு ஈரமாக இருக்கும். துண்டால் அழுத்தித் துடைத்த பிறகுதான் பேட் ஒட்டும். பெண்களிடம் தாலிக்கொடி இருக்கும். அதைக் கழற்ற நேரம் போக்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம், பேட்டுக்கு அடியில் மாட்டாதபடி ஒதுக்கிவிட்டால் போதும். மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் உரித்து, அந்த இடத்தைத் துடையுங்கள். ஷாக் நேரத்தில் ஆக்சிஜன் நெஞ்சருகே ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆம்பு பேக் (கையால் அமுக்கும் மூச்சுப் பை) பிடிப்பவருக்கு ஒரே எச்சரிக்கை: வேகமாக அமுக்காதீர்கள். மூச்சுக் குழாய்க்குள் டியூப் போட்ட பிறகு ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு போதும். அளவுக்கு மீறி ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும்.

மருந்துகள்

நாடி இல்லாதவருக்கு அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஷாக் இல்லாத தாளமென்றால் ஊசிவழி கிடைத்தவுடன் முதல் டோஸ் போய்விட வேண்டும். ஷாக்குக்கு மசியாத விஎஃப் என்றால் அமியோடரோன் 300 மில்லிகிராம், பிறகு 150. ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால் 20 மில்லி சலைன் தள்ளி, கையைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். நின்ற இதயம் மருந்தைத் தானாக இழுத்துக்கொள்ளாது.

மெதுவான துடிப்பில் அட்ரோபின் 1 மில்லிகிராம், மொத்தம் 3 வரை. வேலை செய்யவில்லை என்றால் பேசிங் (மின் தூண்டலால் இதயத்தைத் துடிக்க வைப்பது), டோபமின் அல்லது அட்ரினலின் டிரிப். வேகமான துடிப்பில் முதல் கேள்வி ஒன்றுதான்: நோயாளியின் நிலைமை சரிகிறதா? ரத்த அழுத்தம் விழுந்து, நினைவு மங்கி, நெஞ்சு வலியோடு இருந்தால் சின்க் ஷாக் (துடிப்போடு ஒத்திசைத்துக் கொடுக்கும் ஷாக்). பல கருவிகளில் ஒரு ஷாக் போனதும் சின்க் தானாக அணைந்துவிடும். அடுத்த ஷாக்குக்கு மறுபடி அமுக்க வேண்டும், தேர்விலும் இதை எதிர்பார்ப்பார்கள். நிலைமை நன்றாக இருந்து, ஈசிஜியில் அலை குறுகலான ஒழுங்கான தாளம் என்றால் முதலில் முக்கச் சொல்வது, அப்புறம் அடினோசின் 6 மில்லிகிராம், பிறகு 12. இது ரத்தத்தில் பத்து விநாடிகூடத் தங்காது, அதனால் முழங்கை ரத்தக் குழாயில் சட்டென்று ஏற்றிக் கையோடு சலைன் தள்ள வேண்டும். ஏற்றும் முன் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்: "கொஞ்ச நேரம் நெஞ்சை என்னமோ பண்ணும், உடனே சரியாயிடும் ஐயா." சொல்லாமல் போட்டால் உயிரே போகிறது என்று பயந்துபோவார்.

எச்சும் டீயும்: நம்ம ஊர்க் கண்ணோடு

இதயம் ஏன் நின்றது என்று தேடுவதற்கு ஒரு பட்டியல் தருவார்கள். ஆங்கில எச் எழுத்தில் தொடங்கும் காரணங்கள் ஐந்து, டீ எழுத்தில் ஐந்து. பலர் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள், நோயாளியோடு பொருத்திப் பார்க்க மாட்டார்கள். என் யோசனை: ஒவ்வொரு காரணத்துக்கும் இந்த ஊரில் யார் அந்த நோயாளியாக வருவார் என்று நினைத்துப் படியுங்கள்.

பொட்டாசியம் என்றால் டயாலிசிஸ் நோயாளி. நம் மக்களிடையே இனிப்புநீர் எவ்வளவு, அதனால் சிறுநீரகம் போனவர்கள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். திருநாளோ கல்யாணமோ வந்து ஒரு டயாலிசிஸ் தவறினால் போதும். மானிட்டரில் ஈசிஜியின் டீ அலை கூராக எழும், கியூஆர்எஸ் அலை அகலும். கை மணிக்கட்டில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள், அந்தக் கையில் ஊசி குத்தாதீர்கள், கால்சியத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

நஞ்சு என்றால் பூச்சிமருந்து. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது, ஆனால் ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சை மறந்துவிடக் கூடாது. எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், துடிப்பு விழும், துணியில் மருந்து வாடை அடிக்கும். இங்கே அட்ரோபின் 3 மில்லிகிராமோடு நிற்காது, மார்புச் சளி வற்றும் வரை கூட்டிக் கூட்டிப் போக வேண்டும். நனைந்த துணியைக் கழற்றும் முன் நீங்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தமும் நீரும் வற்றிப்போவதற்கு டெங்கி அதிர்ச்சி, வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு, விபத்து. ரத்தக் கட்டி என்றால் மாரடைப்பு, அல்லது நுரையீரலில் அடைப்பு. நெஞ்சில் காற்று அழுத்தம் என்றால் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்.

பட்டியலில் தனியாக வராத ஒன்றும் தோட்டப்புறத்தில் உண்டு, மின்சாரம். உயரமான செம்பனைக்கு வைத்திருக்கும் அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டுவிட்டால் வாலிப வயதுக்காரர் நொடியில் விஎஃப்பில் விழுவார். இதயம் நல்ல இதயம், சீக்கிரம் ஷாக் கொடுத்தால் திரும்பும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் யாரும் தொடக் கூடாது. மின்னல் தாக்கிப் பல பேர் விழுந்திருந்தால் வழக்கத்துக்கு மாறாக, அசைவற்றுக் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். மூச்சு மட்டும் நின்று, உதவினால் பிழைக்கக்கூடியவராக அவர் இருக்கலாம்.

வாய் திறப்பது

நம் பிள்ளைகள் அதிகம் சிரமப்படுவது இதில்தான் என்று நினைக்கிறேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாம். கட்டில் பக்கத்தில் டாக்டர் நிற்கும்போது இருபத்து மூன்று வயது மிஸ்ஸி (தாதி) ஒருத்தி "இது சரியில்லை" என்று எப்படிச் சொல்வாள்? பயிற்சி அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறது. மரியாதை குறையாமல், கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: "டாக்டர், அழுத்தம் நின்று பத்து விநாடி ஆச்சு." "டாக்டர், போன அட்ரினலின் போட்டு ஒரு நிமிஷம்தான் ஆகுது, இப்பவே மறுபடியும் போடவா?" இதில் யாரையும் குறை சொல்லவில்லை. தலைமை ஏற்பவருக்கு அந்த நேரத்தில் எல்லாம் கண்ணில் படாது. உங்கள் குரல் அவருக்கு உதவி.

கட்டளை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வர வேண்டும். தலைவர் பெயர் சொல்லிக் கேட்பார்: "லதா, அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐவி." லதா அதையே திருப்பிச் சொல்வாள், போட்டு முடித்ததும் "அட்ரினலின் 1 மில்லிகிராம் போயாச்சு, மணி 2.14" என்பாள். குறிப்பெடுப்பவர் எழுதுவார். "யாராச்சும் அட்ரினலின் போடுங்க" என்றால் யாருமே போட மாட்டார்கள், அல்லது இரண்டு பேர் போடுவார்கள். பயிற்சி ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கும். வீட்டில் தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கட்டளைகளை வேலையிடத்தில் பேசும் மொழியிலேயே உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

புத்தகம் ஆறு பேர் கொண்ட குழுவைக் காட்டும். நம்மிடம் ராத்திரியில் மூன்றோ நாலோ பேர்தான். பயிற்றுநரிடம் நேராகவே கேளுங்கள்: "மூணு பேர் மட்டும் இருந்தா எப்படிப் பிரிப்பது?" நல்ல பயிற்றுநர் மகிழ்ந்து சொல்லித் தருவார். ஒருவர் அழுத்த, ஒருவர் மூச்சுப் பை பிடித்து, இரண்டு நிமிடத்தில் இருவரும் இடம் மாற, மூன்றாமவர் டிஃபிப்பையும் மருந்தையும் பார்த்தபடி தலைமையும் ஏற்பது ஒரு வழி.

தேர்வு

அமெரிக்கப் பயிற்சியில் எழுத்துத் தேர்வு 50 கேள்விகள், 84 விழுக்காடு வேண்டும், புத்தகத்தைப் புரட்டலாம். மெகாகோட்டில் நாடி உள்ள நோயாளியாகத் தொடங்கி, விஎஃப்பில் விழுந்து, பிஇஏ அல்லது அசிஸ்டலிக்கு மாறி, கடைசியில் துடிப்பு திரும்பும். பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வாக்கியமே வேலைப் பங்கீடாக இருக்கட்டும். மருந்து அளவில் ஒரு கணம் தயங்கினால் பரவாயில்லை, குழுவிடம் கேட்கலாம். யாரும் அழுத்தாமல் பொம்மை சும்மா கிடப்பதுதான் ஆகாது. முதல் தடவை சரியாக வரவில்லை என்றால் திருத்திச் சொல்லிக் கொடுத்து மறுபடி செய்ய விடுவார்கள்.

துடிப்பு திரும்பிய பிறகு என்ன செய்வீர்கள் என்ற கேள்வியில் பலர் சோர்ந்து விடுகிறார்கள். சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் 90க்குக் கீழே விழாமல், சராசரி ரத்த அழுத்தம் 65க்குக் குறையாமல், ரத்தத்தில் ஆக்சிஜன் 90 முதல் 98 விழுக்காட்டுக்குள், 12 லீட் ஈசிஜி, உடல் வெப்பக் கட்டுப்பாடு. நமக்கு இதோடு ஈப்போ பயணமும் சேர்கிறது. பேட்டை நெஞ்சிலேயே விட்டுவிடுங்கள், டிஃபிப் பேட்டரியையும் ஆக்சிஜன் சிலிண்டர் அளவையும் ஏறும் முன் பாருங்கள், அட்ரினலினைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், வண்டி ஓடும்போது இதயம் மறுபடி நின்றால் யார் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு

அட்டை இரண்டு வருஷம் செல்லும். கைப்பழக்கம் சில மாதங்களிலேயே தேயத் தொடங்கிவிடும். வேலை நேரத்தில் பத்து நிமிடம் கிடைத்தால் பொம்மையை எடுத்து அழுத்திப் பாருங்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது அவசர டிராலியைத் திறந்து, டிஃபிப்பைச் சோதனை ஷாக் போட்டுப் பார்த்து, மருந்துகளின் காலாவதித் தேதியை வாசியுங்கள். கையெழுத்து போடுவதற்காக மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

தோட்டத்துக் கிளினிக்கில் தனியாக இருப்பவர்கள், பெரியவர்கள் இன்றும் டிரஸ்ஸர் ஐயா என்று கூப்பிடுகிறவர்கள், ஒரு வேலை கூடுதலாகச் செய்ய வேண்டும். நீங்கள் ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது. தண்டல், கிராணி, பாதுகாவலர், கோயில் கமிட்டி ஆட்கள், பால்வாடி ஆசிரியை, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர் எல்லாருக்கும் நெஞ்சை மட்டும் அழுத்துகிற சிபிஆரைச் சொல்லிக் கொடுங்கள். 999ஐ அழைத்தவுடன் தோட்டத்தின் பெயர், பிரிவு, பிளாக் எண் மூன்றையும் சொல்லப் பழக்குங்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய சாலை முனையில் நின்று ஆம்புலன்சை அழைத்து வர வேண்டும். செம்பனைக்குள் எல்லாச் செம்மண் பாதையும் ஒரே மாதிரி இருக்கும், புதிய ஓட்டுநருக்கு லயம் எந்தப் பக்கம் என்றே தெரியாது.

அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய தேதியைத் தொலைபேசியில் குறித்து, இரண்டு மாதம் இருக்கும்போதே இடம் பதிவு செய்யுங்கள். காலாவதியானால் பல மையங்கள் புதுப்பிப்பு வகுப்பில் சேர்க்காமல் முழுப் பயிற்சிக்கே அனுப்பிவிடும்.